கை காய்த்த வேந்தர்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களுள் ஓதல், பகை, தூது என்னும் மூன்றைத் தொல்காப்பியர் ஒருங்கு வைத்து எண்ணுகிறார். கல்வி கருதிப் பிரிவது ஒன்று. போர் கருதிப் பிரிவது மற்றொன்று. வேந்தர்க்கிடையே தூது செல்லப் பிரிவது பிறிதொன்று. இம்மூன்றும் வெவ்வேறு ஆடவர்க்கு வெவ்வேறு காலங்களில் நேர்வனவாகவே நம் இலக்கியங்களில் காண்கிறோம். ஒரே மனிதர் ஒரே பயணத்தில் இம்மூன்றையும் ஒருசேரச் சுமந்து வீட்டை விட்டுப் புறப்பட்ட நிகழ்ச்சி ஒன்று ஐரோப்பிய வரலாற்றில் உண்டு.

1697 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 250 பேர் கொண்ட பெருந்தூதுக் குழு ஒன்று மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அக்குழுவில் பியோத்தர் மிகைலோவ் என்னும் பெயரில் இடம்பெற்றிருந்த இளைஞருக்கு அப்போது வயது 24. உயரமோ ஆறரை அடிக்கு மேல். அவரே ரஷ்யாவின் மன்னர் பீட்டர். பின்னாளில் மகா பீட்டர் என்று உலகம் அழைத்தவர். உதுமானியத் துருக்கியருக்கு எதிராக ஐரோப்பிய அரசுகளைக் கூட்டணி சேர்ப்பதே தூதின் வெளிப்படை நோக்கம். ஆயின் பீட்டரின் உள்ளத்தில் இருந்த நோக்கம் வேறு. கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. கற்பிக்கப்படும் நிலையில் உள்ளவன் நான், எனக்கு ஆசிரியர் தேவை என்னும் பொருள்படும் வாசகம் பொறித்த முத்திரையை அவர் இப்பயணத்தில் பயன்படுத்தினார். அமைதிக் காலத்தில் நாட்டெல்லை கடந்து அயல்நாடு சென்ற ரஷ்ய மன்னர் அவருக்கு முன்னர் எவருமில்லை. நாம் இங்கு எழுதப் புகுவது அவர்தம் போர்களைப் பற்றியன்று. அந்த ஓதற்பிரிவைப் பற்றியே.

கடலில்லாத ஊரில் பிறந்தவருக்குக் கடல் மீது காதல் பிறந்தது எவ்வாறு? பீட்டர் 1672 இல் மாஸ்கோவில் பிறந்தார். நான்கு வயது நிறையுமுன் தந்தை அலெக்சிசு மன்னர் மறைந்தார். 1682 இல் பத்து வயதுச் சிறுவராக அரியணையில் அமர்த்தப்பட்ட சில நாள்களிலேயே ஸ்ட்ரெல்ட்சி என்னும் அரண்மனைக் காவற்படையினர் கலகம் விளைத்து, அவர் கண்முன்னரே அவருடைய குடும்பத்துக்கு வேண்டியவர்களை ஈட்டி முனைகளில் எறிந்து கொன்றனர். அதன்பின் தமையன் இவானும் அவரும் இணை மன்னர்கள் ஆயினர். ஆட்சி மூத்த சகோதரி சோபியாவின் கைக்குச் சென்றது. பீட்டரும் அவர் அன்னை நதாலியாவும் மாஸ்கோவிற்கு வெளியே பிரியோபிரழேன்ஸ்கோயி என்னும் சிற்றூரில் வாழலாயினர். அரண்மனைக் கல்வி அங்கு அவருக்கு முறையாகக் கிடைக்கவில்லை. தச்சு, கொல், கல்வேலை என்று கைக்கு அகப்பட்ட தொழிலையெல்லாம் கற்றுக்கொண்டு திரிந்தார். இளமையில் மன்னர்க்குரிய கல்வி தவறியதே அவருக்கு நன்மையாயிற்றோ என்று நமக்குச் சிற்சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

1688 இல் இஸ்மாயிலோவோ என்னும் ஊரில் பழம்பொருள்கள் போட்டு வைத்திருந்த கொட்டகை ஒன்றினுள் நுழைந்தார். உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற பொருள்களுக்கிடையே மக்கிய நிலையில் கிடந்தது ஒரு படகு. ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் இருக்கும். ரஷ்ய ஆற்றுப் படகுகளின் வடிவத்தில் அது இல்லை. உடன் வந்த பிரான்ஸ் திம்மர்மன் என்னும் டச்சுக்காரர் அது ஆங்கிலப் படகு என்றும், பாய் விரித்தால் காற்றின் போக்கில் மட்டுமன்றிக் காற்றை எதிர்த்தும் செல்லவல்லது என்றும் விளக்கினார். காற்றை எதிர்த்துச் செல்லும் படகா? இளைஞர் விடவில்லை. கார்ஸ்டன் பிராண்டு என்னும் முதிய டச்சுத் தச்சர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார். பீட்டரின் தந்தை காலத்தில் கப்பல் கட்டவென்று அழைத்து வரப்பட்டு, அந்த முயற்சி வீணானபின் மாஸ்கோவிலேயே தச்சு வேலை செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். அவர் படகைச் செப்பனிட்டுப் பாய்மரம் நட்டு யவ்சா ஆற்றில் மிதக்கவிட்டார். அங்குமிங்கும் திரும்பித் திரும்பி, எதிர்க்காற்றைத் தன் பணியாளாக்கிக்கொண்டு அது முன்னேறியதைப் பீட்டர் கண்டார்.

யவ்சா ஆறோ குறுகியது. படகு திரும்பும்போதெல்லாம் கரையில் மோதியது. அருகிலிருந்த குளமும் போதவில்லை. எனவே மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளஷ்சேயெவோ ஏரிக்குச் சென்று அங்கே படகு கட்டத் தொடங்கினார். மகனை ஓரிடத்தில் நிறுத்த எண்ணிய அன்னை 1689 சனவரியில் எவ்தோக்கியா லொபுகீனா என்னும் நங்கையைத் திருமணம் செய்து வைத்தார். மணமகனுக்கு வயது 16. பனி உருகத் தொடங்கியதும் மணமகன் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்.

அவ்வாண்டே சோபியாவின் ஆட்சி முடிவுற்றது. எனினும் அரசுப் பொறுப்புகளை அன்னையிடமும் உறவினரிடமும் விட்டுவிட்டுப் பீட்டர் படகுகளோடேயே இருந்தார். 1693 இல் வடகோடியிலுள்ள ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்குச் செல்ல அன்னையிடம் விடை கேட்டபோது, கப்பல்களைக் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி, கடலில் இறங்கக்கூடாது என்று அவர் வாக்குறுதி வாங்கினார். மகன் வாக்குக் கொடுத்தார். ஆர்க்கேஞ்சலை அடைந்த சில நாள்களிலேயே வெண்கடலில் பாய் விரித்தார். திரும்பி வருமாறு அன்னை எழுதிய மடல்களும், ஒல்லாந்திலிருந்து வரும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகன் எழுதிய விடைகளும் உள்ளன. தூர தேசத்துக்கு மகனை அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்நோக்கும் தாய்மார் நம் ஊர்களிலும் இருந்தனர் ஆதலின், நதாலியாவின் மனநிலையை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1694 சனவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் கோடையில் பீட்டர் மீண்டும் வெண்கடலுக்குச் சென்றபோது புயலில் சிக்கி, கப்பலில் இருந்தோரெல்லாம் உயிரிழக்கும் நிலை வந்து தப்பினர்.

இதுகாறும் விளையாட்டாக இருந்ததை வினையாக்கியது அசோவ் கோட்டை. தோன் ஆறு கடலில் கலக்குமிடத்தில் உதுமானியர் வசமிருந்த அக்கோட்டையை 1695 இல் பீட்டர் முற்றுகையிட்டுத் தோற்றார். தரைப்புறம் எத்தனை படை சூழ்ந்தால் என்ன? கடல் வழியே கோட்டைக்கு உணவும் ஆளும் வந்துகொண்டேயிருந்தன. அந்தக் குளிர்காலத்திலேயே வரோனெழ் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிக் கப்பல் கட்டும் வேலை தொடங்கப்பட்டது. ஒல்லாந்திலிருந்து வரவழைத்த துடுப்புக் கப்பல் ஒன்றின் உறுப்புகளைப் பார்த்து, அவற்றைப் போலவே வெட்டி, ஊர்ந்து செல்லும் வண்டிகளில் ஏற்றி, வரோனெழில் பொருத்தினர். 1696 இல் அக்கப்பல்கள் கடல்வழியை அடைக்க, அசோவ் வீழ்ந்தது. ஆனால் பார்த்துப் படியெடுத்தது கல்வியாகாது என்பதைப் பீட்டர் உணர்ந்திருந்தார். அவ்வாண்டின் இறுதியில் நிலையான கடற்படை அமைப்பதென்று முடிவாயிற்று. பிரபுக்களின் பிள்ளைகள் ஏறத்தாழ 60 பேர் வெனிசுக்கும் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் கடற்கல்வி கற்க அனுப்பப்பட்டனர். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வரக்கூடாது என்பது ஆணை. பெற்றோரும் மனைவியரும் இழவு வீட்டைப் போல் அழுதனர். இதில் வியப்புக்குரியவர் பியோத்தர் டால்ஸ்டாய் என்பவர். பேரப்பிள்ளை எடுத்துவிட்ட 52 வயதில் தாமாகவே முன்வந்து மாணவராய் வெனிசுக்குப் போனார். பிற்காலப் புதின ஆசிரியர் லியோ டால்ஸ்டாய் அவர் வழித்தோன்றலே ஆவார்.

பிறர் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் அரண்மனையில் இருப்பது முறையன்று என்று பீட்டர் எண்ணினார். புறப்படுவதற்குச் சில நாள் முன்னர்த்தான் அவரைக் கொல்வதற்கான சூழ்ச்சி ஒன்று வெளிப்பட்டுத் தலைகள் உருண்டிருந்தன. ஆட்சியைச் சிலர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு அவர் போயே போனார்.

வழியில் கனிக்ஸ்பர்க் நகரில் பீரங்கிக் கலை பயின்று சான்றிதழ் பெற்றார். 1697 ஆகஸ்டில், குழுவை முந்திக்கொண்டு ஒல்லாந்தின் சாந்தம் என்னும் ஊரை அடைந்தார். ஆர்க்கேஞ்சலில் அவர் சந்தித்த மாலுமிகள் பலர் அவ்வூரைப் பற்றிப் பேசியதுண்டு. ரஷ்யாவில் முன்பு வேலை பார்த்த கெரிட் கிஸ்ட் என்னும் கொல்லர் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மன்னர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் வீட்டிலேயே குடிபுகுந்தார். மிகச் சிறிய மரவீடு அது. சட்டமிட்ட சுவர்ப் பெட்டிக்குள் படுக்கை; அந்த நெடிய உடலை அதனுள் எவ்வாறு மடக்கிப் படுத்தாரோ! தொழிலாளர் உடுத்தும் சிவப்பு மேற்சட்டையும் கித்தான் காற்சட்டையும் வாங்கி அணிந்து, கருவிகள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு லின்ஸ்ட் ரோக்கே என்பவரின் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மறைவு நெடுநாள் நீடிக்கவில்லை. வாங்கிய பிளம் பழங்களைச் சில சிறுவர்க்குக் கொடுத்துச் சிலர்க்குக் கொடுக்காமற்போக, கிடைக்காதவர்கள் அவர்மீது மண்ணும் கல்லும் எறிந்தனராம். வேடிக்கை பார்க்கும் கூட்டம் நாளுக்கு நாள் பெருகவே, ஒரு வாரத்தில் ஊரை விட்டு ஆம்ஸ்டர்டாம் சென்றார்.

ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் நிக்கோலாஸ் விட்சன் கப்பல் கட்டுவது பற்றி 1671 இல் பெருநூல் எழுதிய அறிஞர். அவர் முயற்சியால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூடுமதிற் பட்டறையில் பீட்டருக்கு இடம் கிடைத்தது. நம் முன்னோர் உலாந்தாக்காரர் என்று அழைத்தவர்களின் கம்பெனி அது. அந்நாளில் நாகப்பட்டினம் அவர்களது சோழமண்டலக் கரையின் தலைமையிடம். அத்தகைய பட்டறைகளில் உருவான கப்பல்களே நம் கரைக்கு வந்து துணியேற்றிச் சென்றன என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும்.

பீட்டர் முதல் ஆணியிலிருந்து கற்கவேண்டும் என்பதற்காகவே 100 அடி நீளமுள்ள புதிய போர்க்கப்பல் ஒன்றுக்குச் செப்டம்பரில் ஏரா போடப்பட்டது. தலைமை ஓடாவி கெரிட் கிளாஸ் போல் என்பவர். மென்ஷிகோவ், ஸ்கிலியாயெவ் முதலிய தோழர்களுடன் பீட்டர் விடியலில் பட்டறைக்கு வந்து மரம் சுமந்தார், இழைப்புளி தள்ளினார், கோடரி பிடித்தார். தச்சர் பீட்டர் என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். மன்னர் என்று அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பர். நவம்பரில் அக்கப்பல் நீரில் இறங்கியது. ஓடாவி போல் அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தார். ஓய்வு நேரங்களில் உடற்கூற்று அறிஞர் ரூய்ஷிடம் சென்று மனித உடலின் உள்ளமைப்பைக் கண்டார். டெல்ப்ட் நகரத்து லேவன்ஹூக் தம் நுண்ணோக்காடியைக் காட்டிப் பீட்டரை வியக்க வைத்தார்.

வேறொருவராயின் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியிருப்பார். பீட்டரோ சோர்ந்து போனார். இச்சோர்வே அவர் வாழ்க்கையில் நம்மை மிகவும் ஈர்க்கும் பகுதி. ஆதலின் இதனைச் சற்று விளக்கிக் கூறுவோம்.

கப்பலின் நீளம் இத்துணையாயின் அகலம் எத்துணை, ஆழம் எத்துணை, வங்குகளின் வளைவு எவ்வாறு அமையவேண்டும் என்று பீட்டர் ஓடாவியிடம் கேட்டார். அவற்றைத் தாளில் வரைந்து காட்டும்படி வேண்டினார். போல் தம்மால் இயன்றதைச் சொன்னார். எல்லாவற்றையும் கணித முறையில் தாளில் காட்ட அவரால் இயலவில்லை. பட்டறையிலிருந்த பிறராலும் இயலவில்லை. அது அவர்தம் திறமைக் குறைவன்று. டச்சு ஓடாவிகள் அடிப்பலகைகளை முதலில் பொருத்தி, வளைவைக் கண்ணால் அளந்து, பிறகு அதற்கேற்ப வங்குகளை உள்ளே பொருத்துவர். தந்தை கையைப் பார்த்து மகன் கற்ற கலை. உலகின் மிகச் சிறந்த வணிகக் கப்பல்களை அக்கண்களும் கைகளுமே ஆக்கின. நம் கடற்கரைப் பட்டினங்களில் தோணி கட்டிய ஓடாவிகளைப் பார்த்த பெரியவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வரைபடம் எங்கே என்று கேட்டால் அந்த ஓடாவி தம் நெற்றியைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

பீட்டருக்கோ அதற்குக் காலமில்லை. மூன்று தலைமுறை கண்ணும் கையும் பழகி ரஷ்யாவில் ஓடாவிகள் உருவாகும் வரை அவர் காத்திருக்க இயலுமா? ஒருவர் தலையிலுள்ள கலையை ஆயிரம் பேருக்கு மாற்ற வேண்டுமாயின் அது தாளில் இறங்கவேண்டும். எண்ணாகவும் கோடாகவும் மாறவேண்டும். யான் தேடி வந்தது இத்தொழிலின் கொள்கை, கிடைத்ததோ அதன் பழக்கம் மட்டுமே என்று அவர் வருந்தியதை 1720 இல் வெளிவந்த கடற்படைச் சட்டநூலின் முன்னுரையில் காண்கிறோம். வணிகர் யான் டெஸ்ஸிங் இல்லத்து விருந்தொன்றில் அவர் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டனர். காரணத்தை அறிந்த ஆங்கிலேயர் ஒருவர், எங்கள் நாட்டில் இக்கலை முழுமை பெற்றுள்ளது, சிறிது காலத்திலேயே கற்றுவிடலாம் என்று கூறினார். அச்சொல் போதுமானதாயிற்று.

1698 சனவரியில் பீட்டர் இலண்டன் அடைந்தார். தேம்சு ஆற்றங்கரையில் டெப்ட்போர்டு அரசுக் கப்பல் துறைக்கு அருகிலேயே தங்கினார். ஆங்கிலேயர் கப்பலை முதலில் தாளில் கட்டினர். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்கு வெட்டுத் தோற்றம் என மூன்று வரைபடங்கள் வரைந்து, அவற்றிலிருந்து ஒவ்வொரு வங்கின் வடிவத்தையும் எடுத்து, அதன்பின்னரே மரத்தில் கை வைத்தனர். சர் அந்தோணி டீன் என்னும் கப்பல் அமைப்பாளர் 1670 இல் இக்கலையை விளக்கி எழுதியிருந்தார். நீரில் இறக்குமுன்னரே கப்பல் எத்துணை ஆழம் அமிழும் என்று கணக்கிட்டுக் கூறியவர் என்ற புகழ் அவருக்குண்டு. அவர் மகன் ஜான் டீன் பின்னர்ப் பீட்டரின் பணிக்கு ரஷ்யா சென்றார். டெப்ட்போர்டில் பீட்டர் வாளும் இழைப்புளியும் பிடித்ததைவிட அளவுகோலும் கவராயமும் பிடித்த நேரமே மிகுதி எனலாம். இங்கிலாந்துக்கு வராதிருந்தால் வெறும் தச்சனாகவே நின்றிருப்பேன் என்ற கருத்தை அவர் பின்னாளில் அடிக்கடி கூறிவந்ததாக, அவரிடம் பணியாற்றிய பொறியாளர் ஜான் பெரி எழுதியுள்ளார். கிரீன்விச் வானாய்வுக் கூடம், ஊல்விச் பீரங்கித் தொழிலகம், நாணயச் சாலை ஆகியவற்றையும் அவர் கண்டார். போர்ட்ஸ்மத் அருகே அவருக்காகவே நிகழ்த்தப்பட்ட போலிக் கடற்போர் அவரைச் சிறுவரைப் போல் துள்ள வைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் தங்கியிருந்த வீடு ஜான் ஈவ்லின் என்னும் அறிஞருடையது. பீட்டரும் தோழர்களும் அவ்வீட்டைப் பாழாக்கினர். நாற்காலிகள் உடைந்தன, சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஈவ்லின் ஆண்டுக்கணக்கில் போற்றி வளர்த்த பசுமை வேலியினூடே தள்ளுவண்டியில் ஆளை உட்காரவைத்துத் தள்ளி விளையாடினர். சேதத்தை மதிப்பிட வந்தவர் புகழ்மிக்க கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென். மொத்தம் 350 பவுனுக்கும் மேல் என்று கணக்காயிற்று. ஆங்கில அரசு அதனைக் கொடுத்தது. இந்த ஈவ்லின் யார் தெரியுமா? இங்கிலாந்தின் கடற்படைக்கு மரம் அருகி வருவதைக் கண்டு, காடு வளர்ப்பைப் பற்றி 1664 இல் நூலெழுதியவர். ஓக் மரம் வளரத் தலைமுறைகள் ஆகும், வெட்டிய பின்னும் உலரக் காலம் வேண்டும் என்பவற்றையெல்லாம் அறிந்தவர். கப்பல் கலை கற்க வந்தவர் அவர் வீட்டில் மூன்று திங்கள் தங்கியும் அவருடைய பாடத்தை மட்டும் கற்காமல் போனார். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1698 வசந்தத்தில் இங்கிலாந்தை விட்டுப் புறப்படும்போது அவர் தம்முடன் சேர்த்துக்கொண்ட செல்வம் ஆசிரியர்களே. ஜோசப் நை போன்ற கப்பல் அமைப்பாளர்களும், அபெர்டீன் நகரத்துக் கணித அறிஞர் ஹென்றி பார்க்குவார்சனும் அவர்களுள் அடங்குவர். வியன்னாவிலிருந்து வெனிசுக்குச் சென்று துடுப்புக் கப்பல் கலையையும் பயில எண்ணியிருந்தார். அப்போது ஸ்ட்ரெல்ட்சி படையினர் மீண்டும் கலகம் செய்தனர் என்ற செய்தி வந்தது. ஆகஸ்டில் மாஸ்கோ திரும்பினார்.

கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்று தொல்காப்பியம் வரம்பிடுகிறது. பீட்டர் ஒன்றரை ஆண்டிலேயே திரும்பிவிட்டார். ஆனால் நம் அகப்பாடல்களில் தலைவன் திரும்பும்போது நிகழ்வது இங்கு நிகழவில்லை. காத்திருந்த எவ்தோக்கியாவை அவர் துறவு மடத்துக்கு அனுப்பினார். கலகக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் ஆளாயினர். பத்து வயதில் கண்ட குருதியை அவர் மறக்கவில்லை என்று காரணம் கூறுவோர் உண்டு. காரணம் என்று கொள்ளலாம். நியாயம் என்று கொள்ள நமக்கு இயலவில்லை. டெப்ட்போர்டில் கற்ற துல்லியமான கை, மாஸ்கோவில் இதைச் செய்தது என்பதை அவர் வரலாற்றை எழுதுவோர் ஒதுக்கிவிட முடியாது.

குளிர்காலத்திலேயே வரோனெழுக்குச் சென்றார். அங்கே இனி டச்சு ஓடாவிகள் தம் விருப்பப்படி கட்டலாகாது, இங்கிலாந்து, டென்மார்க்கு முதலிய நாட்டார் மேற்பார்வையில்தான் கட்டவேண்டும் என்று முன்னரே ஆணையிட்டிருந்தார். தாமே வரைந்த வரைபடத்தைக் கொண்டு, அயல்நாட்டுத் தச்சர் கைபடாமல், ஸ்கிலியாயெவ் முதலிய ரஷ்யரை வைத்தே 58 பீரங்கிக் கப்பல் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கோட்டோ பிரெடெஸ்டினாட்சியா என்னும் அக்கப்பல் 1700 இல் நீரில் இறங்கியது. கொட்டகையில் மக்கிய படகைக் கண்ட நாளிலிருந்து அதுவரை 12 ஆண்டுகள்.

1701 இல் மாஸ்கோவில் கணிதம், கடற்செலவுக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. பார்க்குவார்சன் கற்பித்தார். ரஷ்ய ஆசிரியர் மக்னீத்ஸ்கி எழுதிய கணிதநூல் 1703 இல் அச்சாயிற்று. தாளில் இறங்கிய கலை இவ்வாறு பலர் கைக்கு வரலாயிற்று. அதே 1703 இல் நேவா ஆற்றின் முகத்துவாரத்துச் சதுப்பு நிலத்தில் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அடிக்கால் நாட்டினார். அடுத்த ஆண்டு அங்கே கப்பல் துறை எழுந்தது. மன்னர் என்ற முறையில் அன்றி, பியோத்தர் மிகைலோவ் என்னும் கப்பல் அமைப்பாளராக அங்கே ஊதியம் பெற்றார். அவர் வரைந்த பல்டாவா என்னும் 54 பீரங்கிக் கப்பல் 1712 இல் மிதந்தது. அந்நகரை எழுப்பக் கட்டாயமாய்க் கொண்டு வரப்பட்ட குடியானவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நோயாலும் குளிராலும் மாண்டனர் என்பதையும் உடன் எழுதவேண்டும்.

தென்திசையில் அவர் கட்டிய கப்பல்கள் என்னாயின? காட்டில் வெட்டிய ஈரமரம் காயுமுன்னரே பலகையாகிக் கப்பலில் ஏறியது. மன்னரின் அவசரம் அத்தகையது. சில ஆண்டுகளிலேயே கப்பல்கள் உளுத்தன. 1703 இல் ஆற்றங்கரைக் காடுகளில் ஓக் முதலிய மரங்களை வெட்டுவதைத் தடைசெய்து கடுமையான ஆணை பிறப்பித்தார். ஆணையால் மரத்தைக் காக்கலாம். விரைந்து உலரச் செய்ய இயலுமா? 1711 இல் புரூத் ஆற்றங்கரையில் பீட்டரின் படையை உதுமானியப் படை முழுமையாகச் சூழ்ந்துகொண்டது. தலைமை அமைச்சர் பால்டாசி முகம்மது பாஷா நினைத்திருந்தால் அவரைச் சிறைப்பிடித்திருக்கலாம். பாஷா உடன்படிக்கைக்கு இசைந்து அவரைப் போகவிட்டார். அசோவ் திரும்பக் கொடுக்கப்பட்டது. தென்கடற் கப்பற்படை அத்துடன் முடிந்தது. பாஷாவின் முடிவு பெருந்தன்மையா, அரசியல் கணக்கா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர்.

பால்டிக் கடலில் கதை வேறு. 1714 இல் ஹாங்கோ முனையில் சுவீடனின் கப்பல்களைத் துடுப்புக் கப்பல்களால் வென்றார். 1721 உடன்படிக்கையால் பால்டிக் கரை ரஷ்யாவுக்கு உறுதியாயிற்று. பேரரசர் பட்டம் ஏற்றார். இடையே 1718 இல், தம் வழிக்கு வராத மகன் அலெக்சியை விசாரணைக்கும் வதைக்கும் உட்படுத்தினார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அம்மகன் கோட்டைச் சிறையில் இறந்தார். ஆயிரம் மாணவர்க்கு ஆசிரியரைத் தேடித் தந்தவர், தம் பிள்ளைக்கு ஆசானாகத் தெரியாதிருந்தார்.

1720 இல் நடந்ததொன்று நெப்லுயெவ் என்னும் மாணவரின் நினைவுக் குறிப்பால் நமக்குக் கிடைத்துள்ளது. வெனிசிலும் ஸ்பெயினிலும் பயின்று திரும்பிய மாணவர்களுக்குத் தேர்வு வைக்கப்பட்டது. அதிகாலையில் மன்னர் தாமே வந்தார். நடுநடுங்கி நின்ற நெப்லுயெவின் முன் தம் வலக்கையை உள்ளங்கை தெரியத் திருப்பி நீட்டினார். அதில் காய்ப்பு ஏறியிருந்தது. நான் மன்னனாயினும் என் கை இவ்வாறிருக்கிறது. உங்களுக்கெல்லாம் எடுத்துக்காட்டாக இருக்கவே இத்தனையும் என்ற கருத்துப்படப் பேசினார். அம்மாணவர் தேர்வில் வென்றார். அடுத்த ஆண்டே இஸ்தான்புல் நகருக்கு ரஷ்யத் தூதராக அனுப்பப்பட்டார்.

1723 இல் அந்தப் பழைய ஆங்கிலப் படகை மாஸ்கோவிலிருந்து சென்ட் பீட்டர்ஸ்பர்க் கொண்டுவரச் செய்தார். ஆகஸ்டில் குரோன்ஸ்டாட் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் வரிசையாய் நின்று பீரங்கி முழக்கி வணக்கம் செலுத்த, அப்படகு அவற்றின் முன்னே சென்றது. பீட்டர் சுக்கான் பிடித்தார். தளபதிகள் துடுப்பு வலித்தனர். ரஷ்யக் கடற்படையின் பாட்டன் என்று அப்படகுக்குப் பெயரிட்டார்.

நோயுற்றுப் படுத்த நிலையிலும், ஆசியாவும் அமெரிக்காவும் நிலத்தால் இணைந்துள்ளனவா என்று கண்டறிய விட்டஸ் பேரிங் என்னும் டென்மார்க்கு மாலுமியை அனுப்பும் ஆணையை எழுதி முடித்தார். 1725 தொடக்கத்தில், 52 ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் வந்தோர் கடலை மறந்தனர். 1728 இல் அரசவை மாஸ்கோவுக்குத் திரும்பியது. அவசரத்தில் கட்டிய கப்பல்கள் துறைமுகத்திலேயே உளுத்தன. பார்க்குவார்சன் மட்டும் 1739 இல் தாம் இறக்கும் வரை, பெரும்பாலும் வெற்றுத் துறைமுகத்தைப் பார்த்தபடியே, சென்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்கல்விக் கழகத்தில் மாணவர்க்குக் கணிதம் கற்பித்து வந்தார். கொட்டகையில் உலர்ந்து கிடந்த அந்த ஆங்கிலப் படகு அந்நகரின் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாந்தம் ஊரில் கொல்லர் கிஸ்டின் சிறிய மரவீடும், மேலே செங்கற் கட்டடம் ஒன்று கவிந்து காக்க, நின்றுகொண்டிருக்கிறது.